வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: பாடம், இன்டர்ன்ஷிப், பண்பாட்டு அனுபவம் மூன்றையும் பெற முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க விண்ணப்பிக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் மூன்று ஆசைகள் இருக்கின்றன. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தன் துறைப் பாடங்களைப் படிக்க வேண்டும். ஒரு நிறுவனத்திலோ ஆய்வகத்திலோ இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அந்நாட்டு மக்களோடு பழகி, அவர்கள் மொழியையும் வாழ்க்கையையும் உள்ளிருந்து அறிய வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைகள். ஆனால் மூன்றும் வாரத்தின் அதே மணி நேரங்களுக்குப் போட்டியிடுகின்றன. யோசித்து அமைக்காவிட்டால், தேர்வு வைக்கும் பாடம் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலாளர் எதிர்பார்க்கும் வேலை அடுத்த இடத்தை எடுத்துக்கொள்ளும். யாரும் கணக்குக் கேட்காத பண்பாட்டு அனுபவம் சில வார இறுதிச் சுற்றுலாக்களாகச் சுருங்கிவிடும்.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட் 1923-இல் எட்டு மாணவர்களைக் கப்பலில் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். படிப்பின் ஒரு பகுதியாக வெளிநாடு சென்று வரும் இன்றைய திட்டங்களுக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு ஓராண்டு கிடைத்தது. 1987-இல் 11 நாடுகளும் 3,244 மாணவர்களுமாகத் தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. இப்போது பலருக்குக் கிடைப்பது நான்கு அல்லது ஐந்து மாதம்தான். அதற்குள் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒன்று மற்றொன்றுக்கு உதவும்படி புறப்படும் முன்பே பின்னி வைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: மணிக்கணக்கைப் போடுங்கள்

நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. ஐரோப்பியக் கிரெடிட் முறையான இசிடிஎஸ்ஸில் ஒரு செமஸ்டரின் முழுப் பாரம் 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் செமஸ்டருக்கு 750 முதல் 900 மணி நேரம். தேர்வுக் காலத்தையும் சேர்த்து 20 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 38 முதல் 45 மணி நேரம் வருகிறது. அமெரிக்க முறையிலும் கதை இதுவே. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேர வெளி உழைப்பும் என்பது கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் 45 மணி நேரம்.

இதன்மேல் வாரம் 20 மணி நேர இன்டர்ன்ஷிப்பைத் தனியாக ஏற்றினால் 65 மணி நேரத்தைத் தொடும். பயண நேரம், சமையல், துணி துவைப்பது எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. அந்த அட்டவணையில் ஒரு நண்பரோடு உட்கார்ந்து பேச இடமே இல்லை. எனவே இன்டர்ன்ஷிப் கிரெடிட்டுக்கு வெளியே தொங்கக்கூடாது, கிரெடிட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் பரிந்துரைக்கும் பங்கீடு இப்படி: 30 கிரெடிட்டில் 10 இன்டர்ன்ஷிப்புக்கு, 10 துறைப் பாடங்களுக்கு, 5 மொழி வகுப்புக்கு, 5 அந்த நாட்டின் வரலாறு, சமூகம் அல்லது பொருளாதாரம் பற்றிய ஒரு பாடத்துக்கு. இன்டர்ன்ஷிப்பின் 10 கிரெடிட் என்பது 250 முதல் 300 மணி நேரம். 14 வாரங்களில் வாரத்துக்கு 18 முதல் 21 மணி நேரம். மொழி வகுப்பும் சமூகப் பாடமும் கிரெடிட்டுக்குள் வந்துவிடுவதால், பண்பாட்டை அறிவது ஓய்வு நேரத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. காலையில் அலுவலகத்தில் கண்ட ஒரு வழக்கத்துக்கு மாலை வகுப்பில் விளக்கம் கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு: முதலில் பாடம், முடிந்ததும் முழுநேர இன்டர்ன்ஷிப். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டரின் விரிவுரைகள் பிப்ரவரியில் முடிந்துவிடும், ஆனால் செமஸ்டர் மார்ச் இறுதிவரை ஓடும். அந்த இடைவெளியில் ஏழெட்டு வாரம் முழுநேரம் உழைத்தால் ஏறக்குறைய அதே 300 மணி நேரம் கிடைக்கிறது. அதற்கு முன் அந்தச் சில மாதங்களில் மொழியும் ஓரளவு பழகியிருக்கும். மொழி தெரியாமல் போகிறவர்களுக்கு இந்த வரிசையே நல்லது. ஆனால் அங்கே தேர்வுகளும் நெடிய கட்டுரைகளும் அதே இடைவெளியில்தான் விழும். அவற்றின் தேதியைப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்க முடியாது.

படி 2: திட்டத்தின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டு செமஸ்டர்கள் பொதுவாக மூன்று வகை. பரிமாற்றத் திட்டத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் செய்திருக்கும். கல்விக்கட்டணத்தை உங்கள் பல்கலைக்கழகத்துக்கே கட்டுவீர்கள். இரண்டாவது, வருகை மாணவராக நேரடியாகச் சேர்வது. அங்குள்ள கட்டணத்தைக் கட்ட வேண்டும், சுதந்திரம் அதிகம், காகித வேலையும் அதிகம். மூன்றாவது, இடைநிலை அமைப்புகள் நடத்தும் தொகுப்புத் திட்டங்கள். தங்குமிடம், பாடம், இன்டர்ன்ஷிப் எல்லாவற்றையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள்; செலவு கூடும்.

தொகுப்புத் திட்டங்களை ஒதுக்க வேண்டியதில்லை. ஐந்து மாதத்தில் இன்டர்ன்ஷிப்பைத் தேடிப் பிடிப்பதே பலருக்குப் பெரும் வேலை, அதை அவர்கள் செய்து தருகிறார்கள். ஆனால் அவற்றில் சிலவற்றில் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரே கட்டடத்தில் தங்கி, தங்களுக்கென நடத்தப்படும் வகுப்புகளில் உட்கார்ந்து, ஒன்றாகவே திரும்பிவிடுவார்கள். அந்த நாட்டு மாணவர் ஒருவரையும் பெயர் சொல்லி அழைக்காமல் செமஸ்டர் முடிந்துவிடும்.

கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மதிப்பெண் பட்டியலை எந்தப் பல்கலைக்கழகம் வழங்கும்? அந்நாட்டு மாணவர்களோடு சேர்ந்து படிக்கும் வகுப்புகள் எத்தனை? இன்டர்ன்ஷிப் இடம் உறுதியா, முயற்சி செய்வோம் என்ற வாக்குறுதி மட்டுமா? சென்ற செமஸ்டரில் என் துறை மாணவர்கள் எங்கெல்லாம் வேலை செய்தார்கள்? இடம் கிடைக்காவிட்டால் அந்த கிரெடிட்டுகளுக்கு மாற்று என்ன? பதில் வழவழவென்று வந்தால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

படி 3: இரண்டு நாட்காட்டிகளைப் பக்கத்தில் வையுங்கள்

ஜெர்மனியில் செமஸ்டர்கள் அக்டோபரிலும் ஏப்ரலிலும் தொடங்குகின்றன. ஜப்பானில் கல்வியாண்டின் தொடக்கம் ஏப்ரல். ஆஸ்திரேலியாவில் முதல் செமஸ்டர் பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் வாக்கிலும் இரண்டாவது ஜூலையிலும் தொடங்கும். அமெரிக்காவில் ஆகஸ்ட் இறுதியும் ஜனவரியும். உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் காலத்தோடு இவை மோதினால், தேர்வை முன்கூட்டியே எழுதலாமா, தூரத்திலிருந்து எழுதலாமா என்பதற்குத் துறைத் தலைவரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும்.

புறப்படுவதற்கு ஓராண்டுக்கும் சற்று முன்பே தொடங்குவது பாதுகாப்பு. முதல் மூன்று மாதம் நாடும் திட்டமும். அடுத்து விண்ணப்பமும் மொழித்தேர்வும். ஆறு மாதம் இருக்கும்போது பாடங்களுக்கான கற்றல் ஒப்பந்தமும் (படி 4) இன்டர்ன்ஷிப் தேடலும். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விசா நேர்காணலுக்கான பதிவு. பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்கு அப்பாலும் பல மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

படி 4: கிரெடிட்டைக் கையெழுத்தாக மாற்றுங்கள்

வெளிநாட்டில் நன்றாகப் படித்தும், திரும்பியபின் அந்தப் பாடங்கள் ஏற்கப்படாமல் ஒரு செமஸ்டர் பின்தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்மொழியாகச் சொன்ன 'பார்த்துக்கொள்ளலாம்' அங்கே நிற்பதில்லை. எராஸ்மஸ் திட்டத்தில் இதற்காகவே கற்றல் ஒப்பந்தம் என்ற ஆவணம் உண்டு. மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் அதில் கையெழுத்திட வேண்டும். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். உங்கள் திட்டத்தில் அப்படி ஓர் ஆவணம் இல்லாவிட்டால் நீங்களே ஒரு பக்கத்தில் தயாரித்து ஆலோசகரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

படிக்கப் போகும் எண்ணிக்கையைவிட மூன்று நான்கு பாடங்கள் அதிகமாகவே ஒப்புதல் பெறுங்கள். அங்கே போனதும் ஒரு பாடம் நிரம்பியிருக்கும், இன்னொன்று அந்தப் பருவத்தில் நடக்காது, மற்றொன்று உங்கள் அலுவலக நேரத்தோடு மோதும். மாற்றுப் பட்டியல் கையில் இருந்தால் முதல் வாரத்திலேயே சரிசெய்துவிடலாம்.

மதிப்பெண் மாற்றம் தனிப் பேச்சு. ஜெர்மனியில் 1.0 சிறந்தது, 5.0 தோல்வி. பிரான்சில் 20-க்கு மதிப்பெண் தருவார்கள். 10 வந்தால் தேர்ச்சி, 16 வாங்கினாலே மிகச் சிறப்பு. இத்தாலியில் 30-க்கு, 18 தேர்ச்சி. பிரிட்டனில் 70-ஐ எட்டினால் முதல் வகுப்பு. பிரான்சின் 14-ஐ யாரோ ஓர் எழுத்தர் 70 சதவீதம் என்று பெருக்கி எழுதிவிட்டால் உங்கள் உழைப்பு பாதியாகிவிடும். எந்த அட்டவணையின்படி மாற்றுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் பதியும் வசதி இருந்தால், இன்டர்ன்ஷிப்புக்கும் மொழி வகுப்புக்கும் அதைப் பயன்படுத்துவது நல்லது. மதிப்பெண் பயம் இல்லாதபோதுதான் மொழியில் துணிந்து தவறு செய்ய முடியும்.

படி 5: விசாவில் இன்டர்ன்ஷிப்புக்கு இடமிருக்கிறதா?

பாடத்துக்கு விசா கிடைத்துவிட்டது என்பதாலேயே இன்டர்ன்ஷிப்புக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் வேலையாகாது என்று பலர் நினைக்கிறார்கள். பல நாடுகளின் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் ஆறு மாதம் வரையிலான குறுகிய படிப்பை வருகையாளர் விசாவிலேயே படிக்கலாம், ஆனால் அந்த விசாவில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் செய்யக்கூடாது. இன்டர்ன்ஷிப் வேண்டுமானால் மாணவர் விசாவுக்குத்தான் போக வேண்டும்; அதில் பட்டப்படிப்பு நிலை மாணவர் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம்.

அமெரிக்காவின் வழக்கமான மாணவர் விசாவான எஃப்-1-இல், படிப்போடு இணைந்த இன்டர்ன்ஷிப்புக்கான பாடத்திட்டப் பயிற்சி அனுமதி பெற, பொதுவாக முதலில் ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஒரே செமஸ்டருக்கு வருகிறவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். பரிமாற்ற மாணவர்கள் பெரும்பாலும் வரும் ஜே-1 விசாவில் கல்விசார் பயிற்சி என்ற வழி இருக்கிறது. அதற்கு உங்கள் திட்டத்தின் பொறுப்பு அதிகாரி வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் அனுமதி தர வேண்டும். பயிற்சி உங்கள் துறையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், படித்த காலத்தைவிட நீளவும் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் வகுப்புக் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. ஜப்பானில் தனி அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். படிப்பின் கட்டாயப் பகுதியாக உள்ள பயிற்சிக்கும் விருப்பத்தின் பேரில் செய்யும் பயிற்சிக்கும் அங்கே சட்டம் வேறு வேறு. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கட்டாயப் பயிற்சிக்கும், மூன்று மாதத்துக்கு மேற்படாத விருப்பப் பயிற்சிக்கும் பொருந்தாது. இன்டர்ன்ஷிப் கிரெடிட்டுக்குள் இருப்பது நேரத்தைக் காப்பாற்றுவதோடு சட்டப்படியும் நிலையைத் தெளிவாக்குகிறது என்பதை இங்கே காணலாம்.

இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. தூதரகத்தின் இப்போதைய அறிவிப்பையும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் எழுத்தில் தரும் பதிலையும் தவிர வேறெதையும் நம்பி வேலையில் சேராதீர்கள். விசா மீறல் அந்த ஒரு செமஸ்டரோடு முடியாமல் எதிர்கால விண்ணப்பங்களிலும் தொடரும்.

காப்பீடும் விசாவோடு சேர்ந்த விஷயம். ஜே-1 விதிகளின்படி ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவப் பாதுகாப்பு வேண்டும். எந்த நாடானாலும், மனநல ஆலோசனைக்குப் பணம் தருவார்களா, அலுவலகத்தில் நேரும் விபத்து அடங்குமா என்ற இரண்டையும் பாலிசியில் தேடிப் படியுங்கள்.

படி 6: இன்டர்ன்ஷிப்பைத் தேடுவதும் அதைக் கல்வியாக்குவதும்

பெரிய பெயர்களுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதில் பலர் மாதங்களை இழக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கோடைக்கால முழுநேரப் பயிற்சிக்கே ஆள் எடுக்கும். வாரம் மூன்று நாள் வந்து ஐந்து மாதத்தில் கிளம்பிவிடும் மாணவருக்கு அவர்களிடம் வேலை இருக்காது. சிறு நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழக ஆய்வகங்கள், தொண்டு அமைப்புகள் ஆகியவற்றில்தான் அப்படிப்பட்டவருக்கு உண்மையான வேலை கிடைக்கிறது. பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் கூட்டத்துக்கு உங்களையும் அழைப்பார்கள், மதிய உணவுக்கும் அழைப்பார்கள். மொழியும் பழக்கவழக்கமும் அந்த மேசையில்தான் வருகின்றன.

எழுதும் கடிதம் குறுகியதாக இருக்கட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன செய்யத் தெரியும், பல்கலைக்கழகம் கிரெடிட் தருகிறது, விசா அனுமதி இப்படி இருக்கிறது: இந்த ஐந்தும் முதல் கடிதத்திலேயே வர வேண்டும். வெளிநாட்டு மாணவரை எடுப்பதில் சட்டச் சிக்கல் வருமோ என்ற தயக்கமே பல மறுப்புகளுக்குக் காரணம். அதைத் தீர்த்து வைக்கும் கடிதம் தனித்து நிற்கும். அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் அறிமுகம் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். பாடத்தில் சேரும் முன்பே அவருக்கு எழுதுவதில் தவறில்லை.

இடம் கிடைத்ததும் ஒப்பந்தம். பிரான்சில் நிறுவனம், மாணவர், கல்வி நிலையம் ஆகிய தரப்புகள் கையெழுத்திட்ட பயிற்சி ஒப்பந்தம் இல்லாமல் இன்டர்ன்ஷிப்பே செய்ய முடியாது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு உதவித்தொகை தருவதும் அங்கே கட்டாயம். சட்டம் கேட்காத நாடுகளிலும் அதே போன்ற ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். என்னென்ன பணிகள், யார் வழிகாட்டி, எத்தனை மணி நேரம், தேர்வு நாட்களில் விடுப்பு, செய்த வேலையை அறிக்கையில் எழுத அனுமதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரகசிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு கிரெடிட்டுக்கான அறிக்கையில் எதையும் எழுத முடியாமல் திண்டாட நேரும்.

பயிற்சி தொடங்கியபின் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று கேள்விகளுக்கு எழுதுங்கள். இந்த வாரம் என்ன செய்தேன்? வகுப்பில் படித்ததோடு எது பொருந்தியது, எது முரண்பட்டது? எந்த நடத்தை எனக்குப் புரியவில்லை? மூன்றாவது கேள்விதான் பொன். மேலதிகாரியிடம் மறுத்துப் பேசுவது சில அலுவலகங்களில் கடமை, சிலவற்றில் அவமரியாதை. அமைதி சில இடங்களில் சம்மதம், சில இடங்களில் மறுப்பு. இவற்றை எழுதி வைத்து, நம்பிக்கையான ஒரு சக ஊழியரிடம் தனியாகக் கேளுங்கள். செமஸ்டர் இறுதியில் இந்தக் குறிப்புகளே உங்கள் அறிக்கையாகும். துறைப் பாடத்தின் கட்டுரைக்குத் தலைப்பும் இவற்றிலிருந்தே எடுக்கலாம். ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் பயன்படும்போது வாரத்தில் ஒரு மாலை மீதமாகிறது.

முதல் மூன்று வாரத்தில் நகல் எடுப்பதும் கோப்பு அடுக்குவதும் மட்டுமே வந்தால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டாம். ஒப்பந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் பேசுங்கள். சும்மா 'வேறு வேலை தாருங்கள்' என்று கேட்பதைவிட, 'இதை நான் செய்து பார்க்கட்டுமா' என்று குறிப்பிட்ட ஒன்றை முன்வைப்பது பலன் தரும்.

படி 7: மொழியும் தங்குமிடமும்

2001-இல் வெளியான ஐரோப்பிய மொழி அளவுகோல் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. அந்த மொழியில் நடக்கும் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் பி2 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களைத் தேர்ந்தெடுத்தாலும் அங்கு இறங்கும்போது ஏ2 அளவாவது உள்ளூர் மொழி தெரிந்திருப்பது நல்லது. அலுவலகக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கலாம். கூட்டம் முடிந்து நடைவழியில் பேசுவது ஆங்கிலத்தில் நடக்காது.

தங்குமிடத்தை விலையையும் தூரத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தினமும் எந்த மொழியில் காலை வணக்கம் சொல்வீர்கள் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மொழி வளர வேண்டும் என்பவருக்குக் குடும்பத்தோடு தங்குவது சிறந்தது. உள்ளூர் மாணவர்களோடு வீட்டைப் பகிர்வது அடுத்தது. ஜெர்மனியில் அது மிகச் சாதாரணம். சர்வதேச மாணவர் விடுதி வசதியானது, ஆனால் அங்கே உள்ளூர்வாசியைத் தவிர எல்லோரும் இருப்பார்கள். 1925-இல் நிறுவப்பட்ட பாரிசின் சர்வதேசப் பல்கலைக்கழக நகரம் இதற்கு ஒரு விதிவிலக்கு: ஒவ்வொரு நாட்டின் இல்லத்திலும் பிற நாட்டவரையும் கலந்து தங்க வைப்பதை அங்கே கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள்.

அறையை நேரில் காணாமல், ஒப்பந்தம் இல்லாமல், முன்பணத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குத் தற்காலிக இடம் எடுத்துக்கொண்டு, போய்ப் பார்த்து முடிவு செய்வது சில நகரங்களில் சாத்தியம். வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக உள்ள நகரங்களில் பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பம் திறக்கும் நாளிலேயே பதிந்துவிடுங்கள்.

படி 8: இறங்கியவுடன்

முதல் வாரம் காகிதங்களுக்கு. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஜப்பானில் 14 நாட்களுக்குள் நகராட்சியில். இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் எட்டு வேலை நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரான்சில் நீண்டகால மாணவர் விசாவை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும். இந்தப் பதிவுகள் முடியாமல் வங்கிக் கணக்கோ சம்பளமோ நகராது. பாடங்களை மாற்றுவதற்கான கடைசித் தேதியும் இதே நாட்களில் வரும். அலுவலக நேரத்தோடு மோதும் வகுப்பை உடனே மாற்றி, திருத்திய பட்டியலை உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வாரத்துக்குள் ஒரு நிரந்தரச் சந்திப்பைத் தேடிச் சேருங்கள். பாடகர் குழு, ஓட்டக் குழு, ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் 'சர்க்கிள்' எனப்படும் மாணவர் குழுக்கள், ஜெர்மனியின் ஊருக்கு ஊர் உள்ள சங்கங்கள், நூலகத்தில் தன்னார்வப் பணி என எதுவாகவும் இருக்கலாம். நிபந்தனைகள் இரண்டு: ஒவ்வொரு வாரமும் அதே நாளில் அதே மனிதர்கள் கூட வேண்டும், அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். திருவிழாக்களையும் நினைவுச்சின்னங்களையும் பார்ப்பது இன்பம்தான். ஆனால் ஒருவர் வராத வாரத்தில் 'ஏன் வரவில்லை' என்று விசாரிக்கும் கூட்டத்தில்தான் பண்பாடு உங்களை உள்ளே விடுகிறது. அந்த மாலையை வகுப்பைப் போலவே அட்டவணையில் எழுதி வையுங்கள். அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 9: நடுவில் வரும் சோர்வு

1955-இல் நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் 18 மாதத்துக்கு மேலாகவும் தங்கியவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், நடுவில் தாழ்ந்து பிறகு எழும் இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று காட்டின. சிலருக்கு வந்திறங்கிய முதல் வாரங்களே கடினமானவை. இருந்தாலும் ஒரு செமஸ்டர் மாணவர் இதைக் கவனிக்க வேண்டும். எந்த உராய்வும் இல்லாமல் ஐந்து மாதமும் இனிமையாகவே போகிறது என்றால், நீங்கள் இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறீர்களோ என்று யோசிக்க வேண்டிய நேரம் அது. சண்டையிட்டுச் சமாதானம் ஆக ஒரு வீட்டுத்தோழர், உங்கள் வேலையில் குறை சொல்லத் துணியும் ஒரு மேலாளர் ஆகியோர் கிடைத்திருந்தால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

எட்டாவது வாரத்தை ஒட்டி நிறுத்திப் பாருங்கள். இன்டர்ன்ஷிப் ஒப்புக்கொண்ட மணி நேரத்தைத் தாண்டுகிறதா? மொழி வகுப்பைத் தவறவிடத் தொடங்கிவிட்டீர்களா? சொந்த மொழி பேசுகிறவர்களோடு மட்டும் வார இறுதிகள் கழிகின்றனவா? அவர்களின் துணை தேவையானதே, குறிப்பாக மனம் தளர்ந்த நாட்களில். அதில் குற்றவுணர்வு வேண்டாம். வாரத்தின் பெரும்பகுதி அங்கேயே போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கமின்மையும் தனிமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்துக்குப் போங்கள். செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம்.

படி 10: திரும்பும் முன்பும் பின்பும்

கடைசி மாதத்தில் மனம் விடைபெறுவதிலேயே இருக்கும். அதற்கு நடுவே இந்தக் காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள்: ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், திருத்தப்பட்ட கட்டுரைகள், மணி நேரமும் பணிகளும் குறிப்பிட்ட இன்டர்ன்ஷிப் சான்றிதழ், வழிகாட்டியின் மதிப்பீடு. ஜெர்மனியில் பயிற்சி பெறுபவர்களும் எழுத்துச் சான்று கேட்கலாம். மதிப்பெண் பட்டியல் எப்போது, யாருக்கு, எந்த வடிவில் அனுப்பப்படும் என்று கேட்டு, பெயர் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். முகவரிப் பதிவை நீக்குவது, வாடகை முன்பணம், வங்கிக் கணக்கு, வரி பிடித்திருந்தால் அதைத் திரும்பப் பெற விண்ணப்பம் ஆகியவற்றை விமானம் ஏறும் முன்பே முடிப்பது எளிது.

ஊர் திரும்பியதும் ஒரு விசித்திரச் சோர்வு வரலாம். போகும்போது இருந்த தடுமாற்றம் திரும்பும்போதும் நிகழ்கிறது என்று 1963-லேயே ஆய்வாளர்களான கல்லாஹார்ன் தம்பதியர் எழுதினார்கள். உங்கள் கதைகளைக் கேட்க நண்பர்களுக்குப் பொறுமை குறைவாக இருக்கும். அங்கே சென்று வந்த மற்றவர்களைத் தேடிப் பேசுவதும், அடுத்த ஆண்டு போகிறவர்களுக்கு வழிகாட்டுவதும் நல்ல மருந்து.

சுயவிவரத்தில் நாட்டின் பெயரையும் தேதியையும் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தச் சிக்கல், எந்த மொழியில், யாரோடு சேர்ந்து, என்ன முடிவு என்று இரண்டு வரி எழுதுங்கள்; வாராந்திரக் குறிப்புகளில் எல்லாம் இருக்கும். இன்டர்ன்ஷிப் வழிகாட்டிக்கு ஒரு மாதத்துக்குள் நன்றிக் கடிதம் போகட்டும், அறிக்கையின் பிரதியோடு. கிரெடிட் ஏற்கப்பட்டதை உங்கள் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பதிவில் கண்ணால் பார்க்கும்வரை, அந்தப் பாடத்திட்டங்களையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.